கூட்டிப் பார்க்காத தொகை

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தமிழ் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். பிலிகுண்டுலுவில் காவிரியின் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்பது அது. நேற்றைய அளவோடு ஒப்பிட்டு, கூடியதா குறைந்ததா என்றும் எழுதுவார்கள். பல ஆண்டுகள் அந்த வரியைப் படித்தும் அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று நான் யோசித்ததில்லை. ஓடுகிற ஆற்றை அண்டாவில் பிடித்து அளக்க முடியாது அல்லவா? பள்ளியில் நான் மிக அலட்சியமாகக் கடந்துவந்த ஒரு கணிதப் பாடம்தான் அந்த எண்ணின் பின்னால் இருக்கிறது என்று பிற்பாடு தெரியவந்தபோது சற்று வெட்கமாக இருந்தது.

செய்முறையை விளக்குவது எளிது. ஆற்றின் அகலத்தை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை இருபது, இருபத்தைந்து பட்டைகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பட்டையிலும் ஆழத்தைப் பார்க்கிறார்கள். பிறகு, சிறு கிண்ணங்கள் பொருத்திய சக்கரம் ஒன்றை நீரில் இறக்கி, அது எத்தனை முறை சுழல்கிறது என்பதைக் கொண்டு நீரின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆழம் குறைவான இடத்தில், மேல்மட்டத்திலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் உள்ள வேகத்தையே அந்தப் பட்டையின் சராசரி வேகமாக எடுத்துக்கொள்வது வழக்கம். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கினால் அந்தப் பட்டை வழியே ஒரு வினாடியில் செல்லும் நீர் கிடைத்துவிடும். 10 மீட்டர் அகலப் பட்டையில் ஒன்றரை மீட்டர் ஆழமும் வினாடிக்கு 0.8 மீட்டர் வேகமும் இருந்தால் 12 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 424 கன அடி. எல்லாப் பட்டைகளையும் கூட்டினால் ஆறு. இப்போது ஒலி அலைகளைக் கொண்டு அளக்கும் கருவிகளைப் படகில் கட்டி இழுக்கிறார்கள். அங்கும் பட்டைகளின் எண்ணிக்கை பெருகியிருக்கிறதே தவிர முறை மாறவில்லை. தினமும் முழு அளவீடு செய்ய இயலாத இடங்களில் நீர்மட்டத்தை மட்டும் பார்த்து, முன்பே தயாரித்து வைத்த அட்டவணையிலிருந்து நீரின் அளவை எடுப்பார்கள். அந்த அட்டவணையும் இப்படிக் கூட்டிக் கூட்டிச் செய்ததுதான்.

இது முதல் கூட்டல். இரண்டாவது கூட்டல் காலத்தின் மீது நடக்கிறது. வினாடிக்கு இத்தனை கன அடி என்பது வேகக் கணக்கு. இரு மாநிலங்களுக்கு இடையே கணக்குத் தீர்க்க அது போதாது, மொத்தம் எவ்வளவு நீர் வந்தது என்று தெரிய வேண்டும். காலை எட்டு மணிக்கு 12,000 கன அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதையே நாள் முழுவதற்கும் கொண்டால் 86,400 வினாடிகளால் பெருக்கி 1.04 டி.எம்.சி. என்று எழுதலாம். ஆனால் மழையால் நீர் சீராக ஏறி மறுநாள் காலை எட்டுக்கு 18,000 கன அடி ஆகிவிட்டது. அந்த இறுதி அளவை நாள் முழுவதற்கும் கொண்டால் 1.56 டி.எம்.சி. ஒரே ஆறு, ஒரே நாள். இடைவெளியின் முதல் முனையை எடுத்தால் ஒரு விடை, கடைசி முனையை எடுத்தால் வேறு விடை. வேறுபாடு அரை டி.எம்.சி.க்குச் சற்று மேல். ஏறத்தாழ 11,900 ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நீரை நிறுத்திவைக்கப் போதுமான வேறுபாடு அது. மணிக்கொரு முறை அளந்தால் அதே வேறுபாடு இருபத்து நான்கில் ஒரு பங்காக, 0.02 டி.எம்.சி.யாகச் சுருங்கிவிடுகிறது. நான் இங்கே கொடுத்த எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. ஆனால் இந்த வகையான வேறுபாடு கற்பனையல்ல. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டொன்றுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. அந்த நீர் பிலிகுண்டுலுவில்தான் அளக்கப்படுகிறது. தீர்ப்பில் உள்ள எண்ணைத் தொடுவதற்கு வேறு வழியில்லை, பட்டை பட்டையாகக் கூட்டித்தான் ஆகவேண்டும்.

இந்தக் கூட்டலுக்குக் கணிதத்தில் ரீமன் கூடுதல் என்று பெயர். வளைவரை ஒன்றின் கீழுள்ள பரப்பை மெல்லிய செவ்வகங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் உயரத்தையும் அந்தத் துண்டுக்குள் ஏதேனும் ஓரிடத்தில் அளந்து, எல்லாவற்றையும் கூட்டுவது. துண்டுகளை மேலும் மேலும் மெல்லியதாக்கும்போது கூட்டுத்தொகை ஒரு நிலையான எண்ணை நெருங்குமானால் அந்த எண்ணே வரையறுத்த தொகை. அறிமுக நுண்கணிதத்தின் முதல் வாசல் இது. நம் வகுப்பறைகளில் இந்த வாசலைப் பெரும்பாலும் பூட்டியே வைத்திருக்கிறோம் என்பதுதான் என் மனக்குறை.

எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் நல்லவர், கணிதத்தை நேசித்தவர். ஆனால் செவ்வகப் படம் வந்த பக்கத்தைப் புரட்டும்போது, இது பரீட்சைக்கு வராது, படித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போனார். அடுத்த பகுதியில் சூத்திரங்கள் இருந்தன. ஒரு சார்பின் எதிர்வகையீட்டைக் கண்டுபிடி, மேல் எல்லையைப் போடு, கீழ் எல்லையைப் போடு, கழி. பதினைந்து வினாடியில் விடை. இருநூறு கணக்குகளாவது அப்படிப் போட்டிருப்பேன். எதை அளக்கிறேன் என்று ஒரு முறையும் கேட்டுக்கொண்டதில்லை. விடை குறை எண்ணாக வந்தால்கூடத் திகைத்ததில்லை.

நம் மொழியில் படித்தவனுக்கு இந்த மறதி இன்னும் பெரிய குற்றம். ஏனென்றால் நாம் இதற்கு வைத்திருக்கும் பெயர் தொகையிடல். தொகை என்றால் கூட்டியது, திரட்டியது. எட்டுத்தொகை என்று சொல்லும்போது எந்தப் பொருளில் சொல்கிறோமோ அதே பொருள். தொகை, வகை, விரி என்று இலக்கண ஆசிரியர்கள் அடுக்கிய வரிசையிலிருந்து யாரோ ஒரு நல்ல கலைச்சொல்லாளர் வகையிடல், தொகையிடல் என்ற இணையை எடுத்திருக்க வேண்டும் என்று நான் ஊகிப்பதுண்டு. லைப்னிட்ஸ் 1675இல் இந்தச் செயலுக்கு ஒரு குறியை உண்டாக்கியபோது, கூட்டுத்தொகையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதலெழுத்தான ‘எஸ்’ஸைத்தான் நீட்டி எழுதினார். இன்றும் எழுதும் அந்தக் கொக்கி அதுவே. பிறகு ஐரோப்பிய மொழிகளில் முழுமையைச் சுட்டும் வேறொரு சொல் நிலைபெற்றுவிட்டது. குறியில் மட்டும் கூட்டல் எஞ்சியது. தமிழில் சொல்லிலேயே கூட்டல் இருக்கிறது. இருந்தும் தொகையிடல் என்றால் என்ன என்று கேட்டால் நம் மாணவர் சொல்லும் விடை, வகையிடலின் எதிர்ச்செயல் என்பது. சொல் வாயில் இருக்கிறது, பொருள் போய்விட்டது.

வரலாற்றைப் பார்த்தால் இந்த மறதிக்கு ஒரு வம்சாவளி உண்டு. கூட்டல்தான் முதலில் வந்தது. ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் 96 பக்கப் பலகோணங்களை வரைந்து, பை என்ற எண் 3 10/71க்கு மேல், 3 1/7க்குக் கீழ் என்று நிறுவினார். அவர் ஒரு விடை தரவில்லை, இரண்டு விடைகள் தந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உண்மை இருக்கிறது, இதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று சொல்லும் விடை அது.

கேரளத்தில் பதினாறாம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் எழுதிய யுக்திபாஷா என்ற நூல் இன்னும் வியப்பூட்டுவது. சமஸ்கிருதச் செய்யுளில் சூத்திரம் எழுதுவதே வழக்கமாக இருந்த காலத்தில், மலையாள உரைநடையில், காரணங்களோடு எழுதப்பட்ட கணித நூல். பையின் மதிப்புக்கான முடிவிலாத் தொடரை வருவிக்க அவர் செய்வதும் கூட்டல்தான். ஒரு நீளத்தை மிகப் பல சமக் கூறுகளாக்கி, எண்களின் கூட்டுத்தொகை, வர்க்கங்களின் கூட்டுத்தொகை, கனங்களின் கூட்டுத்தொகை என்று வரிசையாகக் கண்டு, கூறுகளின் எண்ணிக்கை மிகப் பெரிதாகும்போது அவை எந்த விகிதத்தை நெருங்குகின்றன என்று காட்டுகிறார். எதிர்வகையீடு என்ற குறுக்குவழி அவரிடம் இல்லை. இல்லாமலேயே அவர் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

கெப்ளரின் கதை இன்னும் சுவையானது. 1613இல், லின்ஸ் நகரில் வாழ்ந்துவந்தபோது, அவருக்கு இரண்டாம் திருமணம். வீட்டுக்கு மது வாங்குகிறார். பீப்பாயின் நடுத்துளை வழியே ஒரு கோலைச் சாய்வாக விட்டு, அது எவ்வளவு நீளம் உள்ளே போகிறது என்று பார்த்து, இத்தனை கொள்ளளவு, இத்தனை விலை என்று வணிகர் சொல்லிவிடுகிறார். பீப்பாயின் வளைவைக் கணக்கில் கொள்ளாமல் ஒரு கோல் எப்படிக் கொள்ளளவைச் சொல்லும் என்று வானத்துக் கோள்களின் பாதையை வகுத்த மனிதருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தின் விளைவாக 1615இல் பீப்பாய்களின் கொள்ளளவு பற்றி ஒரு நூலே எழுதினார். பீப்பாயை மெல்லிய வில்லைகளாக நறுக்கிக் கூட்டுகிற முறை அதில் இருக்கிறது. (வணிகரின் கோல் அந்த ஊர்ப் பீப்பாயின் வடிவத்துக்கு அவ்வளவு மோசமில்லை என்ற முடிவுக்கும் அவர் வந்தார் என்பது தனிக்கதை.)

பிறகு நியூட்டனும் லைப்னிட்ஸும் வந்தார்கள். கூட்டலும் வகையிடலும் ஒன்றையொன்று தலைகீழாக்குபவை என்ற அடிப்படைத் தேற்றம் கைக்கு வந்தது. அது மனித மனம் கண்ட மிகப் பெரிய குறுக்குவழிகளில் ஒன்று, ஐயமேயில்லை. ஆனால் குறுக்குவழி கிடைத்த மயக்கத்தில் பாதையையே மறந்துவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் போன்ற பேரறிஞரின் நூலிலேயே தொகையிடல் என்பது வகையிடலின் எதிர்ச்செயல் என்றுதான் வரையறுக்கப்பட்டது. அதைத் திருத்தியவர் கோஷி. 1823இல் அவர் தொகையை மீண்டும் கூட்டலாகவே வரையறுத்தார். எதிர்வகையீட்டோடு அதற்குள்ள உறவை நிரூபிக்க வேண்டிய தேற்றமாக இரண்டாம் இடத்தில் வைத்தார். 1854இல் ரீமன், ஒவ்வொரு துண்டிலும் எந்தப் புள்ளியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தி, எத்தகைய சார்புகளுக்கு இந்தக் கூட்டல் ஒரே எண்ணில் போய் முடியும் என்ற கேள்வியைக் கேட்டார். செவ்வகங்களை அவர் கண்டுபிடிக்கவில்லை. கேள்வியைக் கண்டுபிடித்தார். முக்கோணவியல் தொடர்கள் பற்றி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிய ஆய்வேட்டில், கிட்டத்தட்ட வழியில் எதிர்ப்பட்ட வேலையைப் போல இது வருகிறது. முப்பத்தொன்பது வயதில் அவர் இறந்த பிறகே அது அச்சேறியது.

ஆக, எதிர்வகையீட்டில் தொடங்கி அதிலேயே முடிக்கிற வகுப்பறை 1823க்கு முந்தைய வகுப்பறை.

எதிர்த்தரப்பின் வாதம் எனக்குத் தெரியும். ஆசிரிய நண்பர்களோடு பேசும்போது அவர்கள் சொல்வது நியாயமாகவும் இருக்கிறது. பத்துச் செவ்வகங்களின் பரப்பைக் கூட்டக் கால் மணி நேரம் ஆகிறது, அதன் பிறகும் விடை தவறு, சூத்திரத்தில் ஒரு வரியில் சரியான விடை கிடைக்கும்போது எந்தப் பிள்ளை இதை மதிக்கும் என்கிறார்கள். 2020இல், பெருந்தொற்றுக் காலத்தில், பாடச்சுமையைக் குறைக்க மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்திலிருந்து நீக்கிய பகுதிகளில் ஒன்று, கூட்டுத்தொகையின் எல்லையாக வரையறுத்த தொகையைக் காணும் பகுதி. பின்னர் வந்த சுருக்கப்பட்ட தேசியப் பாடநூலிலும் அந்தப் பகுதி திரும்பி வரவில்லை. எதை விடலாம் என்று யோசித்தவர்களுக்கு அது முதலில் கண்ணில் பட்டதில் வியப்பில்லை. பாடநூலில் அது இருந்த விதமும் அப்படி. எண்ணையே பார்க்காமல், குறியீடுகளைக் கொண்டு கூட்டுத்தொகைச் சூத்திரத்தைப் போட்டு எல்லை காணும் சடங்காக அது இருந்தது. சடங்கு போனதற்காக நான் அழவில்லை. அதற்குள் இருந்த தெய்வமும் சேர்ந்து போய்விட்டது என்பதுதான் வருத்தம்.

தமிழ்நாட்டுப் பாடநூலைப் பாராட்டவே வேண்டும். 2019இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்பு நூல் ரீமன் கூடுதலை இடது முனை, வலது முனை, மையப்புள்ளி என்ற மூன்று விதிகளோடும் எண்களோடும் தருகிறது. ஆனால் மாணவர் பதினொன்றாம் வகுப்பிலேயே எதிர்வகையீட்டில் ஓராண்டு ஊறிவிட்டு இங்கே வருகிறார். பயிற்சியின் முதல் கணக்கோ 1 முதல் 1.5 வரை ஒரு சாய்ந்த நேர்கோட்டின் கீழுள்ள பரப்பை ஐந்து துண்டாக்கி இடது முனை விதியால் காணச் சொல்கிறது. விடை 0.6. உண்மையான பரப்பு 0.625. நேர்கோட்டின் கீழுள்ள பரப்பு வெறும் சரிவகம், எட்டாம் வகுப்புப் பிள்ளை வாய்க்கணக்காகச் சொல்லிவிடுவான். சரியான விடை கையில் இருக்கும்போது தவறான விடையைப் பாடுபட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னால், தோராயம் என்பது ஏழையின் கணிதம் என்றுதான் அவன் முடிவுசெய்வான்.

இந்தக் கூட்டலின் அழகு விடையில் இல்லை, பிழையில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், கணிதம் கசப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். 0 முதல் 1 வரை, ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் வர்க்கத்தை உயரமாகக் கொண்ட வளைவரை. அதன் கீழுள்ள பரப்பு சரியாக மூன்றில் ஒரு பங்கு. பத்துப் பட்டைகளாக வெட்டி இடது முனையில் உயரம் பார்த்தால் 0.285, வலது முனையில் பார்த்தால் 0.385. வளைவரை ஏறிக்கொண்டே போவதால் முன்னது நிச்சயம் குறைவு, பின்னது நிச்சயம் அதிகம். வேறுபாடு 0.1. நூறு பட்டைகளானால் 0.32835, 0.33835, வேறுபாடு 0.01. பட்டைகளின் எண்ணிக்கையைச் சொன்னால், வேலையைத் தொடங்கும் முன்பே வேறுபாட்டைச் சொல்லிவிடலாம். ஏன்? ஒவ்வொரு பட்டையிலும் பெரிய செவ்வகத்துக்கும் சிறிய செவ்வகத்துக்கும் இடையே மிஞ்சும் துண்டுகளைப் பக்கவாட்டில் நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அவை ஒரே ஒரு பட்டைக்குள் மிச்சமின்றி அடங்கிவிடுகின்றன. நியூட்டன் 1687இல் தம் பெருநூலின் தொடக்கத்திலேயே இந்தப் படத்தைப் போட்டிருக்கிறார். எண்கணிதம் தெரிந்த யாருக்கும் ஐந்து நிமிடத்தில் விளங்கக்கூடியது, விளங்கிவிட்டால் மறக்காது. இன்னும் ஒன்று. பட்டையின் மையத்தில் உயரம் பார்த்தால் அதே பத்துப் பட்டைகளுக்கு 0.3325 வருகிறது. இடது வலது இரண்டின் சராசரியோ 0.335. ஒன்று சற்றுக் குறைவு, மற்றது சற்று அதிகம், பின்னதன் பிழை முன்னதைப்போல் இரு மடங்கு. ஆகவே மையத்துக்கு இரண்டு பங்கு, சராசரிக்கு ஒரு பங்கு என்று கலந்தால் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டு, துல்லியமாக மூன்றில் ஒரு பங்கு எஞ்சுகிறது. இரண்டு தவறான விடைகளைக் கலந்து சரியான விடையைப் பெறும் இந்த விதியை ஆங்கிலேயர் சிம்ப்சன் பெயரால் அழைக்கிறார்கள். ஜெர்மானியர் இன்றும் கெப்ளரின் பீப்பாய் விதி என்கிறார்கள்.

சரியான விடை ஒரு வரியில் கிடைக்கும்போது என்ற வாதத்துக்கு வருவோம். அப்படிக் கிடைப்பது பாடநூலில்தான். புள்ளியியலின் மணி வடிவ வளைவரையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கற்கும் சார்புகளைக் கொண்டு அதற்கு எதிர்வகையீடு எழுதவே முடியாது. முயன்றவர்களுக்குத் திறமை போதவில்லை என்பதல்ல இதன் பொருள். அப்படி ஒன்று இல்லை என்பதையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் லியூவில் உருவாக்கிய கோட்பாட்டின் வழியே நிறுவலாம். ஆனால் நடுவிலிருந்து ஒரு திட்ட விலக்கம் வரையுள்ள பரப்பை ஐந்தே ஐந்து பட்டைகளாக்கி மையப்புள்ளியில் அளந்து கூட்டினால் 0.3417 வருகிறது, அட்டவணையில் உள்ள மதிப்பு 0.3413. புத்தகத்தின் பின்னட்டைக்கு முன் அச்சிட்டிருக்கும் அந்த அட்டவணை வானத்திலிருந்து விழுந்தது என்றே நான் கல்லூரி முடியும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். காவிரிக்கோ சூத்திரமே கிடையாது. காலை எட்டு மணிக்கும் மறுநாள் எட்டு மணிக்கும் இடையே ஆறு எந்தச் சார்பைப் பின்பற்றி ஓடியது என்று யார் சொல்வார்கள்? இருப்பது ஓர் அளவீட்டுப் பட்டியல் மட்டும். எதிர்வகையீடு மட்டுமே கற்றவன் அந்தப் பட்டியலின் முன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். நானும் அப்படி நின்றிருப்பேன்.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். டால்ஸ்டாய்க்கு இருந்தது. போரும் அமைதியும் நாவலில், போரோதினோ சண்டைக்குப் பிறகு, கதையை நிறுத்திவிட்டு அவர் நுண்கணிதம் பேசுகிறார். டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில், போரும் வாழ்வும் என்ற பெயரில், அந்த நாவலைப் படித்த பலர் இந்தப் பக்கங்களைப் புரட்டிக் கடந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். முதல் வாசிப்பில் நானும் கடந்தேன். ஆமையை முந்த முடியாத அக்கிலீஸின் பழைய புதிரில் தொடங்குகிறார். வரலாற்றாசிரியர்கள் தொடர்ச்சியான ஓட்டத்தைத் தம் வசதிக்குத் துண்டாக்கி, ஒரு மன்னனின் செயலை எல்லோருடைய விருப்பங்களின் மொத்தமாகக் கொள்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. மனிதர்களின் மிக நுண்ணிய விழைவுகளை அலகாகக் கொண்டு, அவற்றைத் தொகுக்கும் கலையைக் கற்றால்தான் வரலாற்றின் விதிகள் பிடிபடும் என்கிறார். எங்கள் பாடமொழியில் சொன்னால், நெப்போலியன் என்ற ஒரே ஒரு செவ்வகத்தை வைத்து 1812ஐ அளக்காதே என்கிறார்.

இந்தப் பகுதியைத் தத்துவச் சுமை என்று ஒதுக்கும் விமர்சகர்கள் உண்டு. எனக்கு அதில் வேறொரு சிக்கல் தெரிகிறது. டால்ஸ்டாய் கேட்பது எல்லையை, பட்டைகள் முடிவின்றி மெலிந்துபோன தொகையை. அவர் எழுதியதோ ஒரு முடிவுள்ள கூட்டல். சில நூறு மனிதர்கள், சில அறைகள், ஒரு பீரங்கி மேடு. பட்டைகள் போதிய அளவு மெல்லியவையாக இருந்தால் துண்டுக்குள் எந்தப் புள்ளியைத் தேர்ந்தாலும் விடை மாறாது என்பது ரீமனின் நிபந்தனை. நாவலாசிரியனுக்கு அந்த வசதி கிடையாது. அவனுடைய பட்டைகள் அகலமானவை. ஒரு படைப்பிரிவு முழுவதற்கும் ஒரு துஷின் என்றால், துஷினை எங்கே நிறுத்துகிறோம், எந்தக் கணத்தில் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல நாவலாசிரியனுக்கு மையப்புள்ளி எங்கே என்று தெரிந்திருக்கிறது. பாத்திரங்களின் எண்ணிக்கையைப் பெருக்கினால் உண்மை தானாக வந்துவிடும் என்று நம்பி எழுதப்பட்ட சில தடித்த தமிழ் நாவல்களைப் படிக்கும்போது, எல்லாப் பட்டைகளையும் இடது முனையிலேயே அளந்துவிட்டார்களே என்று தோன்றுவதுண்டு. பெயர் சொல்லப்போவதில்லை.

வகுப்பறைக்குத் திரும்புகிறேன். முடிவிலி, எல்லை, நிரூபணம் எல்லாவற்றையும் பதினேழு வயதில் திணிக்கச் சொல்லவில்லை. சூத்திரத்தைக் கற்பிக்கும் முன் இரண்டு வாரங்கள் போதும். முதல் கணக்குக்குச் சூத்திரம் இருக்கக் கூடாது, அட்டவணை மட்டும் இருக்க வேண்டும். ஒரு பேருந்தின் வேகத்தை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்த அட்டவணையாக இருக்கலாம், ஏரி ஒன்றின் அகலத்தைப் பத்து மீட்டருக்கு ஒருமுறை அளந்த அட்டவணையாக இருக்கலாம். கூட்டும் முன்பே, உன் விடை உண்மையைவிடக் கூடுதலா குறைவா என்று கேட்க வேண்டும். எவ்வளவு என்று அடுத்துக் கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லக் கற்ற பிறகு அடிப்படைத் தேற்றத்தைக் காட்டினால், இருநூறு பெருக்கல்களை ஒரே கழித்தல் தின்றுவிடுவதைப் பார்க்கும் மாணவனுக்கு அது அற்புதமாகவே இருக்கும். நான் அதைப் பார்த்தபோது எனக்கு எந்த அற்புதமும் தெரியவில்லை. எதற்கு மாற்றாக அது வந்தது என்றே தெரியாதவனுக்கு எப்படித் தெரியும்?

பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு கணக்கையும் முன்மொழிகிறேன். தீர்ப்புக்குப் பின் வகுக்கப்பட்ட மாதவாரி அட்டவணைப்படி ஜூன் மாதத்தில் பிலிகுண்டுலுவுக்கு வந்துசேர வேண்டிய நீர் 9.19 டி.எம்.சி. தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள். கடைசி இலக்கத்தின் ஓர் அலகு ஒரு கோடி கன அடி. நாள் ஒன்றுக்கு நீர்வரத்து 6,000 கன அடி வரை ஏறி இறங்கக்கூடும் என்று கொண்டால், அந்த மாதம் முப்பது நாளும் எத்தனை மணிக்கு ஒருமுறை ஆற்றை அளந்தால் அந்தக் கடைசி இலக்கத்தை நம்பலாம்? இடது முனை விதிக்கு ஒரு விடை, மையப்புள்ளி விதிக்கு வேறு விடை. ஒரு பாடவேளைக்குள் போட்டுவிடலாம்.